அம்மா இடிக்கச் சொன்ன வீடு

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் அம்மாவின் பெருமைகளைப் படிக்கத்தான் பக்கத்தைப் புரட்டுவீர்கள். பெருமைகள் இருக்கின்றன, எழுதுகிறேன். கூடவே நான் செய்த ஒரு தவற்றையும் எழுத வேண்டியிருக்கிறது. எழுதலாமா என்று தங்கையிடம் கேட்டேன். "எழுதுங்கண்ணா. அம்மா இருந்தா அவங்களே எல்லாருகிட்டயும் சொல்லியிருப்பாங்க" என்றாள்.

அம்மா எருமப்பட்டிப் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில், ஒரே தம்பிக்கு அக்காவாகப் பிறந்தார். எட்டாவது வரை படித்தார். பத்தொன்பது வயதில் நாமக்கல்லை ஒட்டிய எங்கள் ஊருக்கு மருமகளாக வந்தார். அப்பா லாரிக்காரர். வடக்கே லோடு ஏற்றிப் போனால் திரும்ப மாதமாகும். வீடு, கோழிப்பண்ணை, பிள்ளைகள் நாங்கள் இருவர் எல்லாமே அம்மா தலையில்தான். நான் கல்லூரி முடிக்கும் முன்பே அப்பா காலமாகிவிட்டார். அம்மா லாரியை விற்றுவிட்டு, பண்ணையை மட்டும் வைத்துக்கொண்டு எங்களைக் கரையேற்றினார். யாரையும் ஒரு சொல் கடிந்து பேசியதில்லை என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் முட்டை ஏற்ற வந்த வியாபாரிகள் இதைப் படித்தால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அம்மாவுக்கு மனதில் ஒன்று, வாயில் ஒன்று கிடையாது. மனதில் வந்தது அடுத்த நொடி வாசலில் நிற்கும்.

அப்பா எங்கள் வீட்டை ஒரே மூச்சில் கட்டவில்லை. லாரிக்கு ஓட்டம் நன்றாக அமைந்த வருடம் ஓர் அறை, அடுத்த நல்ல வருடம் இன்னொன்று. ஒவ்வொன்றும் ஒவ்வொரு மட்டத்தில் இருந்தது. முன்னறையிலிருந்து உள்ளறைக்கு இரண்டு படி இறங்க வேண்டும். அங்கிருந்து சமையலறைக்கு ஒரு படி ஏற வேண்டும். குளியலறைக்குப் போகப் பின்வாசலில் மூன்று படி இறங்க வேண்டும். இதற்கிடையில் ரோட்டைப் புதுப்பிக்கும்போதெல்லாம் பழசின் மேலேயே தாரை ஊற்றி உயர்த்தியதில் வீடு பள்ளத்தில் போய்விட்டது. ஐப்பசி மழையில் தெருத்தண்ணீர் எங்கள் முன்னறைக்கு விருந்தாளியாக வந்துவிடும். அம்மா வாளியும் கையுமாக அதை வழியனுப்புவார்.

மூட்டுவலி முற்றிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா சொன்னார். "இதை இடிச்சுப் போடு சாமி. மண்ணடிச்சு ஒசத்தி, சின்னதா ஒண்ணு கட்டிப் போடு. வாசல்லருந்து பாத்ரூம் வரைக்கும் ஒரு படி இருக்கக் கூடாது. எனக்கு அது போதும்."

நான் மறுத்துவிட்டேன். அப்பாவோடு நின்று அந்தச் சுவர்களுக்குத் தண்ணீர் ஊற்றியவன் நான். அவர் நினைவாக மிச்சமிருந்தது அது ஒன்றுதான் என்று பட்டது. இடிக்காமல் சீர்செய்து தருகிறேன் என்று மேஸ்திரியை அழைத்து வந்தேன். அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார். "பூசிப் போடலாமுங்க, டைல்ஸ் ஒட்டிப் போடலாமுங்க. ஆனா மட்டம் மாறாதுங்களே" என்றார். ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கிவிட்டால் என்ன என்று கேட்டேன். லாரிக்காரன் மகன் புத்தி வேறெங்கே போகும்? "ஒரே ஊடா இருந்தாத் தூக்கலாமுங்க. இது நாலு ஊட்டை ஒட்டவெச்ச மாதிரியில்ல இருக்குது" என்று சிரித்தார்.

தங்கை அம்மா பக்கம். ஆறு மாதம் இழுபறியாகப் போயிற்று. கடைசியில், பூவாக்குக் கேட்டுவிடலாம் என்று நான்தான் சொன்னேன். பெரிய காரியம் ஒன்று முடிவாகாமல் நின்றால் குலதெய்வத்தின் முன் வெள்ளைப் பூவை ஒரு பொட்டலமாகவும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலமாகவும் கட்டி வைத்து, ஒன்றை எடுத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். வெள்ளை வந்தால் சீர்செய்வது, சிவப்பு வந்தால் இடிப்பது என்று பேசிக்கொண்டோம். கோயிலுக்குப் போனபோது பூசாரி தண்ணீர் எடுக்கப் போயிருந்தார். பொட்டலம் கட்டியவன் நான். இரண்டிலும் வெள்ளை அரளியையே வைத்துக் கட்டினேன்.

அம்மா கண்ணை மூடி வெகுநேரம் வேண்டினார். பிறகு ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளைப் பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "சாமியே சொல்லிப்போட்டுது. அப்பறம் நாம பேச என்ன இருக்குது" என்றார். பிரிக்காத பொட்டலத்தை நான் எடுத்துப் போய்க் கோயில் கிணற்றில் போட்டேன்.

வீடு புதுசாயிற்று. பளபளவென்று டைல்ஸ், புதுப் பெயிண்ட், சமையலறையில் அலமாரி வரிசை. வந்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். படிகள் அப்படியே இருந்தன. அம்மா அதன்பிறகு வீட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவர் வாய் திறக்கவில்லை என்றால் ஏதோ சரியில்லை என்று பெற்ற பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். நானோ நிம்மதியாக இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குத் தொழில் பள்ளிபாளையத்தில், விசைத்தறி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து பார்ப்பவனுக்கு அந்த வீடு அழகாகத்தான் இருந்தது. ஏழு நாளும் ஏறி இறங்கியவர் அம்மா.

மூன்றாம் வருட ஐப்பசியில் மறுபடி தண்ணீர் உள்ளே வந்தது. ஈர டைல்ஸில் கால் வழுக்கி, சமையலறைப் படியில் அம்மா விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்து தங்கை வீட்டில் வாக்கரைப் பிடித்து நடக்கப் பழகிக்கொண்டிருந்தபோது, "இடிச்சுப் போடலாம்மா" என்று நானே போய் நின்றேன்.

"வேண்டாங் கண்ணு" என்றார். "சாமி வேண்டாம்னு சொன்னதைச் செய்யக் கூடாது. இருக்கற வரைக்கும் நான் அதுலயே இருந்துட்டுப் போறேன்."

அப்போதுதான் சொன்னேன். "ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளைதாம்மா வெச்சேன்."

"அப்ப சாமி ஒண்ணுமே சொல்லலியா?" என்றார் அம்மா.

"இல்லம்மா."

அம்மா அழுதார். எனக்குத் தெரிந்து அப்பா போனபோது அழுததற்குப் பிறகு அன்றுதான் அழுதார். "மூணு வருசமா நான் சாமிகூடப் பேசறதில்லடா. என்ற காலு நோவு அதுக்குக்கூடத் தெரியலியேன்னு கோவம். கோயலுக்கே போவலை" என்றார். கால்வலியால்தான் கோயிலுக்கு வரவில்லை என்று நாங்கள் எல்லோரும் நம்பியிருந்தோம். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாக்கரை இழுத்தார். "காரை எடு. மொதல்ல அதுகிட்ட மன்னிப்புக் கேக்கோணும். உன்னை அப்பறம் பேசிக்கறேன்."

கோயிலில் என்ன சொல்லிக் கும்பிட்டார் என்று தெரியாது. திரும்பும் வழி முழுக்க என்னைப் பேசினார். மூன்று வருடத்துப் பேச்சு. நான் காரை மெதுவாகவே ஓட்டினேன்.

வீடு இடிபட்டபோது அம்மா எதிர்வீட்டை வாடகைக்கு எடுத்து, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சுவர் விழுந்தபோது அழுதது நான்தான். "உங்கப்பா இருந்திருந்தா அவரே கடப்பாரையைத் தூக்கியிருப்பாரு, வா, வந்து காப்பி குடி" என்றார். தரை போடும்போது தன் கண்முன் மட்டம் பார்க்கச் சொல்லி மேஸ்திரியை ஒருவழி பண்ணிவிட்டார். கதவு மாட்டுவதும் பெயிண்ட் அடிப்பதும்தான் பாக்கி. அந்த வாரம் ஒரு காலையில், காப்பி டம்ளரைக் கீழே வைத்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். நான் அன்று கோயிலில் ஏமாற்றாமல் இருந்திருந்தால் அம்மா அந்த வீட்டில் மூன்று வருடமாவது நடமாடியிருப்பார். இதற்கு எந்தச் சமாதானமும் என்னிடம் இல்லை.

அம்மாவை எடுக்கும் நேரத்தில், புது வீட்டுக்குள் ஒருமுறை கொண்டுபோக வேண்டும் என்றேன். அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, தடுத்தார். "பால் காய்ச்சாத ஊட்டுக்குள்ள எடுத்துட்டுப் போறது ஆகாதுங்க மாப்பிள்ளை." அவர் சொன்னதுதான் முறை. தங்கை எழுந்து வந்தாள். "அது எங்கம்மா ஊடுங்க மாமா. அவங்க போவாம வேற யாருங்க மொதல்ல போறது?" மாமா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அவரே முன்னால் தோள் கொடுத்தார்.

அம்மாவுக்கு வைத்தியம் பார்த்த மருத்துவர்களுக்கும், வாக்கரோடு நடக்கும்போது கூட நடந்த செவிலியர்களுக்கும், அம்மாவிடம் திட்டு வாங்கிக்கொண்டே மட்டம் தப்பாமல் கட்டித்தந்த மேஸ்திரிக்கும், காரியங்களில் கூட நின்ற சொந்தபந்தங்களுக்கும் நானும் தங்கையும் கைகூப்புகிறோம். மாமாவுக்கும், அன்று அவரோடு தோள் கொடுத்த மூவருக்கும் தனியாகச் சொல்ல வேண்டும். வாசல் சரிவில் ஏறி, முன்னறை, உள்ளறை, சமையலறை என்று அம்மாவைச் சுற்றிக் கொண்டுவந்தீர்கள். ஓர் இடத்திலும் நீங்கள் குனிந்து காலடியைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அம்மா கேட்ட வீட்டுக்குள் அம்மா போனது உங்கள் தோளில்தான்.