அவள் மாத்திரையையும் நான் விழுங்கினேன்

எனக்கு ஆறாம் மாதம் நடந்தபோது, யோசனை சொல்லாத ஆள் நாரணாபுரத்தில் ஒருவர்கூடப் பாக்கி இல்லை. கீரைக்காரம்மா, "முருங்கக்கீரைய ராத்திரியில தின்னுறாத, செமிக்காது" என்பார். என் மாமியார், "பகல்ல தின்னா பித்தம்" என்பார். பிறகு எப்போதுதான் தின்பது என்று கேட்டால் இரண்டு பேரும் என்னைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

போதாததற்குக் கைபேசியில் ஒரு டாக்டரம்மா வீடியோவில் பேசுவார். பழங்களைப் பற்றி அவர் சொன்னதை மாமியாரிடம் ஒருநாள் போட்டுக் காட்டினேன். முழுக்கப் பார்த்துவிட்டு, "இந்தம்மாவுக்கு எத்தன புள்ள?" என்று கேட்டார்.

"தெரியலையே அத்தை."

"தெரிஞ்சுக்கிட்டு வா. பெறகு பேசுவோம்."

எங்கள் லைன் வீட்டில் அடுத்த கதவு, ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண். அவள் வீட்டுக்காரர் சிவகாசியில் பிரஸ்ஸில் வேலை. அவளுக்கும் ஆறு மாதம்தான். கடைத்தெருவிலும் என்னிடமும் பொறுக்கிக்கொண்ட தமிழை வைத்தே அவள் குடித்தனம் நடத்தினாள். சுகாதார நிலையத்தில் கொடுத்த தாய் அட்டை அவளுக்குப் படம் பார்க்கிற புத்தகம். மதியம் ஊரிலிருந்து அம்மா போனில் சொல்வதைக் கேட்பாள், இந்தியில் ஒரு வீடியோ பார்ப்பாள், கடைசியில் என் வாசலுக்கு வருவாள். "அக்கா, இது சரியா?"

உள்ளூர்க்காரி என்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்று அவள் நினைத்தாள். இவ்வளவு தூரம் வந்து தனியாகக் குடும்பம் நடத்துகிறவளுக்கு என்னைவிட விவரம் இருக்கும் என்று நான் நினைத்தேன். ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்துகொண்டு நின்றோம்.

நான் பட்டாசுக் கம்பெனியில் திரி வைக்கிற அறையில் இருந்தவள். உண்டானது தெரிந்ததும் போர்மேன் பாக்கிங்குக்கு மாற்றிவிட்டார். நகக்கண்ணில் ஏறிய கறுப்பு மட்டும் போகவே இல்லை. அந்த நேரத்தில்தான் நர்சம்மா சிவப்பு நிறத்தில் சத்து மாத்திரை கொடுத்தார். போட ஆரம்பித்த நாலாம் நாள் எனக்கு வெளிக்குக் கறுப்பாகப் போனது. தார் மாதிரி. பயந்துபோய் பாக்கிங் அறையில் மூத்த அக்கா ஒருவரிடம் காதோடு சொன்னேன்.

அவர் பெட்டி ஒட்டுகிற கையை நிறுத்தாமல், "இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்க? எம்புட்டு வருசமா கரித்தூள மூக்குல இழுத்திருக்க. அம்புட்டையும் மாத்திரை உள்ள போயி வெளிய தள்ளுதுத்தா. போகட்டும்னு விடு" என்றார்.

எதிர்வரிசையில் இருந்தவள், "எனக்கும் அப்படித்தான் போச்சு. அதான் எம்மகன் வெள்ளவெளேர்னு பெறந்தான்" என்றாள்.

"உம்மகன் வெள்ளையா? எந்த ஊருல இருக்கான் அவன்?" என்றார் அக்கா. அறை முழுக்கச் சிரிப்பு. எனக்கும் பயம் போய்விட்டது.

நம்பாமல் என்ன செய்வது? வேலை முடிந்து கை கழுவினால் தண்ணீர் கறுப்பாக ஓடும். மூக்கைச் சிந்தினால் கறுப்பு. வயிற்றிலிருந்தும் வருகிறது என்றால் அதில் என்ன அதிசயம்.

அதே வாரம் குழாயடியில் அடுத்த வீட்டு ஒடிசாப் பெண் என்னிடம் மெதுவாக அதே விஷயத்தைக் கேட்டாள். நான் பாக்கிங் அக்காவின் தோரணையிலேயே, மூக்கைத் தொட்டு, வயிற்றைத் தொட்டு, கையை வெளியே வீசிக் காட்டி, மாத்திரை கரியைத் தள்ளுகிறது என்று விளக்கினேன்.

யோசித்தாள். "ஆனா அக்கா, நான் கம்பெனி போகல."

"காத்துல வந்திருக்கும். ஒனக்குக் கொஞ்சமாத்தான் இருக்கும்."

இரண்டு நாள் கழித்து மாத்திரை அட்டைகளை எல்லாம் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். "எனக்குக் கரி கொஞ்சம். போயிருச்சு. உங்களுக்கு நெறைய. நீங்க சாப்பிடுங்க அக்கா. பாப்பாக்கு நல்லது."

"வீடியோல என்ன சொன்னாங்க?"

"தினம் சாப்பிடுன்னு சொன்னாங்க. ஆனா அவங்களுக்குச் சிவகாசி தெரியாது."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கூடப் பிறந்தவள்கூட இப்படிக் கொடுக்க மாட்டாள். அன்றிலிருந்து காலையில் என் மாத்திரை, சாயங்காலம் அவள் மாத்திரை. வயிறு கல்லாய்க் கட்டிக்கொண்டது. கரி இறுகி வருகிறது என்று அதற்கும் ஒரு காரணம் வைத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் உடம்பில் ரத்தம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தார்கள். எனக்குப் பதினொன்று. நர்சம்மா அட்டையில் எழுதிவிட்டுச் சந்தோஷமாகத் தலையாட்டினார். அவளுக்கு ஏழு புள்ளி இரண்டு.

"என்னம்மா எறங்கிருச்சு? மாத்திரை போடுறியா இல்லியா?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு, "சாப்பிட்டேன்" என்றாள். என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னாளா, திட்டுக்குப் பயந்து சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"போட்டும் ஏறலன்னா நான் இங்கன வச்சுப் பாக்க முடியாது. அடுத்த மாசம் எட்டையாவது தாண்டணும். இல்லன்னா விருதுநகர் பெரிய ஆஸ்பத்திரிதான். ரத்தம் ஏத்தணும், பிரசவமும் அங்கதான்."

வெளியே நின்ற அவள் வீட்டுக்காரருக்கு இது போதும். தெரியாத ஊரில் தெரியாத ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு ஆள் கிடையாது, ஊருக்கே அனுப்பிவிடுகிறேன் என்று கைபேசியில் ரயில் தேட ஆரம்பித்துவிட்டார். அவள் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். அவள் ஊரில் மழை பெய்தால் ஆற்றைத் தாண்ட முடியாது. அவள் அண்ணிக்கு ஓடத்திலேயே வலி வந்தது, அந்தக் குழந்தை தங்கவில்லை. என்னிடம் ஒரு தடவைதான் சொல்லியிருந்தாள். "நான் போகமாட்டேன் அக்கா. இங்க பத்து நிமிசம் ஆஸ்பத்திரி" என்று இப்போது மறுபடி மறுபடி சொன்னாள்.

எனக்குப் பதினொன்று, அவளுக்கு ஏழு. மாத்திரை கரியைத் தள்ளுகிறதா, ரத்தத்தை ஏற்றுகிறதா? இரண்டும் ஒன்றாக இருக்குமோ? கரி போனால்தான் ரத்தம் ஊறுமோ? அப்படியானால் கரியே இல்லாத அவளுக்கு ஏன் இறங்கியது? திரும்ப உள்ளே போய் நர்சம்மாவிடம், "அவ மாத்திரையையும் நான்தான் போட்டேன்" என்றேன்.

நர்சம்மா பேனாவைக் கீழே வைத்தார். முழுதும் கேட்டார். நடுவில் ஒரு இடத்தில் சிரிப்பை அடக்கினார், அதற்கப்புறம் சிரிக்கவில்லை.

"ஏம்மா, அது இரும்பு. ஒடம்பு எடுத்தது போக மிச்சம் கறுப்பாத்தான் போகும். கரியும் இல்ல, ஒண்ணும் இல்ல. உங்க எல்லாரையும் உக்கார வச்சு அன்னைக்கே சொன்னேனே. யாரு கேட்டீக? வளைகாப்புச் சேலையில்ல பேசிக்கிட்டு இருந்தீக."

"அப்ப நான் மூக்குல இழுத்த கரி எங்க போகும் நர்சம்மா?"

அவர் பேனாவை மறுபடி கையில் எடுத்தார். "மொதல்ல அந்த வேலைய விடு" என்றார். நான் கேட்டதற்கு அது பதில் மாதிரி எனக்குப் படவில்லை.

அவள் வீட்டுக்காரரை உள்ளே கூப்பிட்டு, ஒரு மாதம் பொறுக்கச் சொன்னார். அவளுக்குப் புது அட்டைகள் கொடுத்து, தினம் இரண்டு போடச் சொன்னார். டீயோடு சேர்த்துப் போடக்கூடாது, எலுமிச்சைச் சாறோடு போட வேண்டும் என்றார். அவள் போட்ட கொஞ்ச நாளும் டீயோடுதான் போட்டிருந்தாள். நானும்தான். எனக்கு மட்டும் எப்படி ஏறியது?

எட்டு வந்தால் இருப்பது, வராவிட்டால் ரயில் என்று அவள் வீட்டுக்காரர் டிக்கெட்டும் எடுத்து வைத்துவிட்டார். அந்த மாதம் முழுக்க எங்கள் பேச்சே அந்த எட்டுதான். அவள் அம்மா போனில் பீட்ரூட் என்றார். என் மாமியார் தினம் ஒரு கிண்ணம் முருங்கைக்கீரை கொடுத்தனுப்பினார், பகலில்தான். நான் கடலைமிட்டாய் வாங்கிப் போனேன். பாக்கிங் அக்காவிடம் நர்சம்மா சொன்னதைச் சொன்னபோது, "அந்தம்மா ஒருநா நம்ம கம்பெனியில உக்காந்து பாக்கட்டும், பெறகு சொல்லட்டும்" என்றார். அதையும் தப்பு என்று அடித்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஆனாலும் சாயங்காலமானால் அவள் மாத்திரையை விழுங்குகிறவரை பக்கத்தில் நின்றேன்.

ரத்தம் பார்த்த அன்று எட்டு புள்ளி நான்கு. நர்சம்மா, "பாத்தியா, மாத்திரை" என்றார். மாமியாரிடம் சொன்னேன், "கீர சும்மா விடுமா?" என்றார். அவள் அம்மா போனிலேயே பீட்ரூட்டுக்கு நன்றி சொன்னதாகக் கேள்வி. எது ஏற்றியது என்று எனக்கு விளங்கவில்லை.

"நீ என்ன நெனைக்கிற?" என்று அவளிடமே கேட்டேன்.

"தெரியாது அக்கா. நான் எதையும் நிறுத்தமாட்டேன்" என்றாள். பக்கத்தில் அவள் வீட்டுக்காரர் ரயில் டிக்கெட்டை ரத்து செய்ய எந்த இடத்தில் தொட வேண்டும் என்று தெரியாமல் கைபேசியை என்னிடம் நீட்டிக்கொண்டிருந்தார்.