மெமரி மாற்றிய நாள்

எனக்கு வாய் நீளம். உயிரோடு இருந்தவரை தினம் ஒரு தடவையாவது அம்மா அதைச் சொல்லிக் காட்டுவாள். அவள் போன பிறகு அந்த வேலையை என் லேப்டாப் எடுத்துக்கொண்டது.

திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தேன். லேப்டாப் வாங்கிய புதிதில் பாடத்தைச் சத்தமாக வாசித்துப் பதிவு செய்து பார்க்கும் பைத்தியம் ஒன்று பிடித்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து நான்காம் பாடத்தை வாசித்துக்கொண்டிருந்தேன். அடுப்பில் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, வெந்து வீடு முழுக்க அந்த வாசனை. அம்மா வந்து கதவோரம் நின்று, "ஏண்டி, சாப்ட வர்றியா இல்லியா? சோறு ஆறுது" என்றாள். "ஐயோ, ரெக்கார்டு ஆவுதும்மா, வாய மூடிக்கினு போறியா?" என்று கத்தினேன். இரண்டும் பதிவாகிவிட்டன. அப்புறம் அழிக்கலாம் என்று விட்டேன். அடுத்த வருஷம் அம்மா இறந்துபோனாள். அவள் குரல் என்று எங்களிடம் மிஞ்சியது அது ஒன்றுதான்.

அப்பா பஸ் கண்டக்டர். விழுப்புரம் திண்டிவனம் வழியாக ஓடும் தொலைதூர வண்டியிலேயே பாதி ஆயுளைப் போக்கியவர். ரிட்டயர் ஆன பிறகு எப்படியோ அந்தப் பதிவைக் கண்டுபிடித்துவிட்டார். திரையில் இடமிருந்து மூன்றாவது படம், இரண்டு தட்டு. அவருக்குத் தெரிந்த கம்ப்யூட்டர் அவ்வளவுதான். தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு உட்கார்ந்து அதைப் போட்டுக் கேட்பார். முதலில் என் பாடம் வரும், பிறகு அம்மா, பிறகு நான் கத்துவது. அந்த இடம் வருவதற்குள் கொடியில் துணி எடுக்கிற சாக்கில் தோட்டத்துக்குப் போய்விடுவேன். ஒரு நாள்கூட முழுசாகக் கேட்டதில்லை. என்னைக் குத்திக் காட்டுவதற்கென்றே மனுஷன் தினமும் போடுகிறார் என்று வயிறு எரியும்.

ஒரு பென் டிரைவில் ஏற்றிப் பத்திரமாக வைத்திருக்கலாம்தான். செய்யவில்லை. உண்மையைச் சொன்னால், என்னுடைய அந்தக் கத்தல் உலகத்தில் இன்னோர் இடத்திலும் இருக்க வேண்டாம் என்று நினைத்தேன்.

மூன்று வருஷம் போனது. லேப்டாப்புக்கு வயசாகி, ஒரு கேள்வித்தாளைத் திறக்கவே கால் மணி நேரம் எடுத்தது. அம்மாவின் குரலும் திக்கித் திக்கி வரும், நடுவில் நின்றே போகும். அப்பா கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார். கூட வேலை செய்யும் டீச்சர் ஒருவர் விழுப்புரத்தில் ஒரு கடை சொன்னார். போன் பண்ணிக் கேட்டேன். "அர ஜிபிதான் இருக்குதா? மெமரி மாத்தணும் மேடம், வேற ஒண்ணும் இல்ல, எடுத்துக்கினு வாங்க" என்றார் கடைக்காரர். போனை வைத்துவிட்டு, "சனிக்கெழம மெமரி மாத்தப் போறேம்பா" என்றேன். அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார்.

சனிக்கிழமை காலையில் லேப்டாப்பைக் காணோம். மேஜை, கட்டில், பரண் எல்லாம் தேடியாகிவிட்டது. கடைசியில் பீரோவில், அம்மாவின் புடவைகளுக்கு நடுவில் அகப்பட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தைக் கேட்க வேண்டுமா? "எதுக்குப்பா ஒளிச்சி வெச்சீங்க? கொஞ்ச நஞ்ச பேஜாரா உங்களோட?" என்று பிடித்துக்கொண்டேன்.

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "என் போனுக்கும் மெமரி மாத்தறேன்னுதான் சொன்னான். அதுல இருந்த உங்கம்மா போட்டோ எல்லாம் போச்சி. இதயும் மாத்திட்டா நான் எங்க போவேன்?"

எனக்குச் சட்டென்று எல்லாம் விளங்கியது. போன வருஷம் பாட்டு ஏற்றித் தரச்சொல்லி அவர் செல்லை ஒரு கடையில் கொடுத்திருந்தார். அங்கே மெமரி என்றால் கார்டு. கடைக்காரன் பழைய கார்டைக் கழற்றிவிட்டுப் புதுசு போட்டான், பழையது திரும்பி வரவேயில்லை. அந்த வார்த்தை மறுபடியும் என் வாயிலிருந்து வந்ததும் மனுஷன் நடுங்கிப்போயிருக்கிறார்.

"அப்பா, இந்த மெமரி வேற" என்றேன். எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. பிறகு அவர் தொழிலே கை கொடுத்தது. "இது பஸ்சு மாதிரிப்பா. ஜனங்க ஏறுவாங்க, வேல முடிஞ்சா எறங்கிடுவாங்க. இப்ப இருக்குறது சின்ன பஸ்சு, அதான் கூட்டம் தாங்காம நின்னு நின்னு போவுது. பெரிய பஸ்சா மாத்துறோம். பஸ்ஸ மாத்துனா ஊருல ஆளு கொறஞ்சிடுமா?"

அப்பா செருப்பை மாட்டினார். "நானும் கூட வர்றேன்" என்றார்.

போகிற வழி முழுக்க லேப்டாப் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தார். கடையில் அந்த ஆள் முதலில் பேட்டரியைக் கழற்றினார். பிறகு கவிழ்த்துப் போட்டு இரண்டு திருகாணியை எடுத்து ஒரு சின்ன மூடியைத் திறந்தார். உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு பச்சைப் பட்டை. இரண்டு பக்கமும் இருந்த கொக்கியை விலக்கியதும் அது சாய்வாக எழுந்து நின்றது. அப்பா குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் புதுப் பட்டையைச் சாய்த்துச் செருகி அழுத்தினார், டக்கென்று உட்கார்ந்தது. மூடியைப் போட்டு, பேட்டரியை மாட்டி ஆன் பண்ணினார். "அவ்ளோதாங்க. எதனா போட்டுப் பாருங்க" என்றார்.

நான் கையை நீட்டுவதற்குள் அப்பா இடமிருந்து மூன்றாவதைத் தட்டிவிட்டார். உடனே திறந்தது. நான்காம் பாடம் ஓடியது. அம்மா கூப்பிட்டாள். கடையில் இன்னும் இரண்டு பேர் நின்றிருந்தார்கள், அவர்கள் எதிரில் என் குரல் கத்தியது: வாய மூடிக்கினு போறியா? உடம்பெல்லாம் கூசிப்போனது. ஆனால் இங்கே தோட்டமும் இல்லை, கொடியும் இல்லை. எங்கே ஓடுவது? நின்றேன். பதிவு நிற்காமல் மேலே ஓடியது.

"சரி சரி, கோவிச்சிக்காத. நீ முடிச்சிட்டு வா. உங்கப்பாவும் வந்துடட்டும். அந்த மனுசன் வராம எனக்கு எங்க சோறு எறங்குது?"

அவ்வளவுதான். அம்மா அப்படிச் சொன்னதே எனக்கு நினைவில்லை. அன்றைக்கும் காதில் வாங்கவில்லை, அதற்குப் பிறகும் நின்று கேட்டதில்லை. அப்பா தினமும் உட்கார்ந்து காத்திருந்தது இந்தக் கடைசி வரிக்கு. என் கத்தல் அவர் காதில் விழவேயில்லை போலிருக்கிறது. பாவி, மூன்று வருஷமாக அவரை என்னவெல்லாம் நினைத்திருந்தேன்! அங்கேயே ஒரு பென் டிரைவ் வாங்கி அதை ஏற்றச் சொன்னேன்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். ஹைவேயில் வரிசையாக ஓட்டல்கள் வந்தன. அதில் ஒன்றைக் கைகாட்டினார்.

"டூட்டியில தெனமும் இங்கதான் வண்டிய நிறுத்துவோம். ஜனங்க எறங்கி சாப்புடுவாங்க, டிரைவருக்கும் எனக்கும் ஓசிச் சாப்பாடு. வயிறு முட்ட சாப்ட்டுட்டு வருவேன். வூட்ல உங்கம்மா எல போட்டா பேருக்கு ரெண்டு வாயி. அப்புறந்தான் அவ உக்காருவா. அவளுக்கு எப்பவும் லேட்டாத்தான் பசிக்கும்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

விக்கிரவாண்டியில் பஸ் நின்றது. மணி மூன்றாகியிருந்தது, காலையிலிருந்து இரண்டு பேரும் ஒன்றும் சாப்பிடவில்லை. "எறங்கி எதனா சாப்புடலாமாப்பா?" என்று கேட்டேன்.

"வேணாம்" என்றார். "வூட்டுக்குப் போயி சாப்புடலாம்."