கண்காட்சிக்குப் போன மாப்பிள்ளைக் கார்

எண்பதுகளின் நடுவில், ஓர் ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்தில் நடந்தது இது. அங்கே ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் பழைய கார்களுக்குக் கண்காட்சி வைத்திருந்தார்கள். சென்னையிலிருந்தும் பாண்டிச்சேரியிலிருந்தும் பணக்காரர்கள் தங்கள் வண்டிகளைக் கொண்டு வந்திருந்தார்கள். திண்டிவனத்திலிருந்து நாங்களும் எங்கள் வண்டியோடு போயிருந்தோம். நாங்கள் பணக்காரர்கள் இல்லை. எங்களுடையது கல்யாணத்துக்கு வாடகைக்குப் போகிற கார்.

வெள்ளைக்காரன் காலத்து வண்டி அது. கரும்பச்சை நிறம், கேன்வாஸ் கூரையை மடக்கி விடலாம், இரண்டு பக்கமும் ஏறி நிற்கப் படி உண்டு. மாப்பிள்ளையைப் பின்சீட்டின் மேல் உட்கார வைத்து, பூச்சரம் தொங்க விட்டு, முன்னால் மேளம் போக ஊரைச் சுற்றி வந்தால் அந்தப் பக்கத்துக் கிராமங்களில் அதுதான் கல்யாணம். என் கணவருக்கு அதன் மேல் உயிர். எனக்கு ஒரு புடவை எடுக்க ஒரு மாதம் யோசிப்பார், அதற்கு டயர் வாங்க ஒரு நிமிடம் யோசிக்க மாட்டார். "உன் சக்களத்தி எப்படி இருக்கா?" என்றுதான் என் தங்கை என்னை விசாரிப்பாள்.

அந்தச் சமயத்தில் சக்களத்திக்கு ஆபத்து வந்திருந்தது. ஆட்கள் புது மாடல் கார்களைத் தேட ஆரம்பித்து விட்டார்கள். எங்களுடையது கூட்டுக் குடும்பம். குடும்பத்துக்குப் பெரியவர் என் கணவரின் அண்ணன், அதாவது என் மச்சாண்டார். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரம் செய்து வந்தார். கார் நிற்கிற ஷெட் அவருக்கு மூட்டை அடுக்க வேண்டும். கண்காட்சியைப் பற்றிக் கேள்விப்பட்டதும் தம்பியிடம் கண்டிப்பாகச் சொல்லி விட்டார்: "பரிசு வாங்கிக்கினு வந்தீன்னா இருக்கட்டும். இல்லன்னா ஆவணி பொறக்கறதுக்குள்ள இரும்புக் கடைக்காரன் வந்து ஒடச்சி எடுத்துக்கினு போவட்டும்."

ஆகவே பரிசு வாங்கியே ஆக வேண்டும். நூறு கார்களுக்கு நடுவே நின்றாலும் நம் கார்தான் கண்ணில் பட வேண்டும் என்றார் என் கணவர். காரை அழகாக்க எங்களுக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான். விடியற்காலையிலேயே கனகாம்பரமும் சாமந்தியும் கூடை கூடையாக இறங்கின. நான், கணவர், டிரைவர் மூன்று பேரும் உட்கார்ந்து கட்டினோம். முன்பக்கம் முழுக்கப் பூத்தட்டி, பக்கவாட்டில் ஜரிகைக் காகிதம், கூரைக் கம்பியிலிருந்து நாலாபுறமும் சரம், நான்கு சக்கரத்துக்கும் சந்தனப் பொட்டு. முடித்துவிட்டுப் பார்த்தபோது எனக்கே பெருமையாகத்தான் இருந்தது.

பூ உதிராமல் இருக்க மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டினார் டிரைவர். விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் எத்தனை பேர் நிறுத்திக் கேட்டார்கள் என்கிறீர்கள்! ஆடியில் எவன் வீட்டில் கல்யாணம் என்று எல்லோருக்கும் ஒரே திகைப்பு. ஒரு கிழவர் வண்டிக்குள் எட்டிப் பார்த்து, மாப்பிள்ளை இல்லாததைக் கண்டு, "புள்ள ஓடிட்டானா?" என்று என் கணவரிடம் அனுதாபமாகக் கேட்டார். பின்சீட்டில் மேல்துண்டோடு விறைப்பாக உட்கார்ந்திருந்த மச்சாண்டார் சிரிக்கவே இல்லை.

மைதானத்துக்குள் நுழைந்தோம். அங்கே ஒரு காரிலும் ஒரு பூ கிடையாது. எல்லாம் குளித்து முடித்த குழந்தைகள் மாதிரி பளபளவென்று நின்றன. அரக்குச் சிவப்பில் ஒரு கார், பித்தளை விளக்கு, பித்தளை ஹாரன், சுற்றிலும் கயிறு கட்டி "தொடாதீர்கள்" என்று அட்டை. அதைப் பார்த்துக்கொள்ளவே வெள்ளைச் சட்டையில் இரண்டு ஆட்கள்.

பரிசுக்குத் தேர்ந்தெடுப்பவர் வயதானவர். தலையில் தொப்பி, பேச்சில் நல்ல மரியாதை. எங்கள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "அலங்காரம் ரொம்ப அழகா இருக்குங்க. கார் எங்க இருக்கு?" என்றார்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே காரைப் பார்க்க வேண்டும் என்றார். விளக்கு பழையதா, பெயிண்ட் கம்பெனியில் அடித்ததா, சீட்டுத் துணி மாற்றியதா, இதையெல்லாம் பார்த்துத்தான் மார்க் போடுவார்களாம். பூவுக்கு மார்க் கிடையாதாம். என் கணவரின் முகம் சுண்டிப் போயிற்று. காலையெல்லாம் கட்டியதைக் கால் மணி நேரத்தில் பிய்த்தோம். உள்ளேயிருந்து வெளிவந்த காரைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. ஊர்வல விளக்குக் கம்பம் நட்டு நட்டு மட்கார்டு நெடுக ஓட்டை, கதவில் நசுங்கல், சீட்டில் பொத்தல், எத்தனையோ கல்யாணத்துச் சந்தனம் படிந்து பெயிண்டெல்லாம் திட்டுத் திட்டாக. தொப்பிக்காரப் பெரியவர் குறித்துக்கொண்டு அடுத்த காருக்கு நகர்ந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை நாளும் சக்களத்தி என்று கரித்துக் கொட்டிய வண்டிக்காக ஏன் அழுகை வருகிறது என்று எனக்கே புரியவில்லை.

அப்போதுதான் கூட்டத்திலிருந்து ஓர் ஆள், இடுப்பில் குழந்தையோடு ஓடி வந்தார். "அடியே, இங்க வாடி! நம்ம காரு!" என்று மனைவியைக் கூப்பிட்டார். பூ இருந்த வரை எல்லாக் கல்யாணக் கார் மாதிரியும் இருந்ததாம். பூவை எடுத்ததும் கதவு நசுங்கலைப் பார்த்து அடையாளம் கண்டுபிடித்து விட்டாராம். அவர் கல்யாணத்தில் ஆடிய கூட்டாளி ஒருவன் விழுந்து வைத்த நசுங்கலாம் அது. பிறகு மயிலம் பக்கத்திலிருந்து ஒரு ஜோடி வந்தது. சீட்டில் இருந்த பொத்தல் தங்கள் ஊர்வலத்தில் வாணவெடி பட்டு வந்தது என்றார்கள்.

"அதெப்படி? அது எங்க கல்யாணத்துல வந்த பொத்தலு. என் பட்டு வேட்டியும் சேந்துதான் எரிஞ்சிச்சி. வேணும்னா வூட்ல வந்து பாரு!" என்று இன்னொருவர் சண்டைக்கே வந்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் எங்கள் காரைச் சுற்றித்தான் மைதானத்தின் பாதிக் கூட்டம் நின்றது. எங்களிடம் கயிறு இல்லை, அட்டை இல்லை. ஏறி உட்கார்ந்து பார்த்தார்கள், பிள்ளைகளை உட்கார வைத்தார்கள். என் கணவர் ஒவ்வொரு ஜோடிக்கும் கதவைத் திறந்து விட்டபடி நின்றார், முகத்தில் கொஞ்சம் களை திரும்பியிருந்தது. மச்சாண்டார் மட்டும் ஒதுங்கி வேப்ப மரத்தடியில் நின்றார்.

கடைசியாக ஒரு பெண் வந்தாள். விழுப்புரத்தில் கட்டட வேலைக்கு வந்திருப்பவள், சொந்த ஊர் பிரம்மதேசம் பக்கம். கணவனும் கூட இருந்தான். அவள் காரைப் பார்க்கவில்லை. நேராக என் கணவரிடம் போய்க் கும்பிட்டாள். அவர் பதறிப்போய், "அதெல்லாம் இப்ப எதுக்கும்மா" என்று அவளைத் தடுக்கப் பார்த்தார். அவர் தடுத்ததால்தான் எனக்குச் சந்தேகமே வந்தது. நான் அவளைத் தனியாக அழைத்து என்னவென்று கேட்டேன்.

"எங்க கல்யாணத்துக்குப் பேசி வெச்ச காருக்காரரு, எங்க தெரு எதுன்னு தெரிஞ்சதும் வரமாட்டேன்னுட்டாருக்கா. ஊரே சிரிக்கப் போவுதுன்னு எங்கப்பா அழுதுக்கினு கெடந்தாரு. யாரோ சொல்லி இவருகிட்ட வந்து நின்னாரு. இவருக்கும் அன்னைக்கித்தான் திருவாமாத்தூருல மாப்பிள்ள அழைப்பாம். நான் நடந்துக்கறேன், நீங்க எடுத்துக்கினு போங்கன்னு டிரைவரோட அனுப்பிச்சி வெச்சாருக்கா. எங்க தெருவுக்குள்ள மொதமொதல்ல வந்த கல்யாணக் காரு இதுதான்."

அன்று திருவாமாத்தூரில் மணப்பெண்ணாக உட்கார்ந்திருந்தவள் நான்தான். கார் வைத்திருக்கிற மாப்பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார் என் அப்பா. மாப்பிள்ளையோ ஊர்க்கோடிக் கோயிலிலிருந்து பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் பொடிநடையாக வந்து சேர்ந்தார். என் அத்தைமார்கள் சிரித்த சிரிப்பில் நான் அழுதே விட்டேன். கேட்டதற்கு, கார்புரேட்டர் கோளாறு என்றார். அதன் பிறகு எங்களுக்குள் எந்தச் சண்டை வந்தாலும் "கார்புரேட்டர் மாப்பிள்ளை" என்றுதான் நான் ஆரம்பிப்பேன். அவர் ஒரு தடவைகூட மறுத்துச் சொன்னதில்லை. சொன்னால், எந்தத் தெருவுக்குக் கார் போனது என்பது அண்ணன் காதுக்குப் போய்விடும் என்ற பயம். திரும்பிப் பார்த்தேன். மச்சாண்டார் எப்போது வந்தாரோ, எங்களுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார்.

பரிசு அறிவித்தார்கள். முதல் பரிசு அரக்குச் சிவப்புக் காருக்கு. நியாயமான பரிசுதான், குறை சொல்ல முடியாது. எங்களுக்கு இரண்டாவதும் இல்லை, மூன்றாவதும் இல்லை. மச்சாண்டார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தம்பியிடம் சொன்னார்: "சரி. பேசினது பேசினதுதான். நாளைக்கி இரும்புக் கடைக்காரனை வரச் சொல்லிட்றேன்."

என் கணவர் தலையை மட்டும் ஆட்டினார். கை இன்னும் கார்க் கதவின் பிடியிலேயே இருந்தது.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் தம்பி மனைவி கணவனின் அண்ணனிடம் நேரில் பேசக் கூடாது. அவர் வந்தால் எழுந்து கதவோரம் போய்விட வேண்டும். சாப்பாடு ஆயிற்றா என்று கேட்கக்கூட நடுவில் இன்னொரு ஆள் வேண்டும். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் முகத்தைப் பார்த்து நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்று எப்படித்தான் தைரியம் வந்ததோ, தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு அவர் எதிரில் போய் நின்றேன்.

"காரு எங்கியும் போவாதுங்க மாமா. மூட்டைய எங்க ரூம்புல அடுக்கிக்கலாம். நாங்க கூடத்துல படுத்துக்கறோம்."

டிரைவர் வேறு பக்கம் பார்த்தார். மச்சாண்டார் என்னைப் பார்க்கவில்லை, காரைப் பார்த்தார். பிறகு வழக்கம் போலத் தம்பியிடம் திரும்பினார்.

"ஏண்டா, அன்னைக்கிப் புதுச் செருப்பு போட்டுக்கினு உன்கூட நானும்தானே நடந்தேன்? கால் பூரா கொப்புளம். கல்யாணத்துல நொண்டிக்கினே நின்னேன். என்னாண்டயாவது சொல்லியிருக்கலாமில்ல?"

என் கணவர் குனிந்து அண்ணனின் காலைப் பார்த்தார்.

"உன் பொண்டாட்டியே சொல்லிட்டா. அப்பறம் நான் இன்னா சொல்றது? இரும்புக் கடைக்காரன்லாம் வேணாம். மூட்டைக்கு வேற எடம் பாத்துக்கறேன். ஏறுங்க, ஜல்தி, மழ வர்ற மாதிரி இருக்குது" என்று சொல்லிவிட்டு முதல் ஆளாக அவரே படியில் கால் வைத்து ஏறினார்.

அதற்குப் பிறகு எத்தனையோ பளபளப்பான பழைய கார்களைப் பார்த்துவிட்டேன், எல்லாம் அழகுதான். ஆனால் தன் கல்யாணத்தன்று தான் நடந்துகொண்டு, யாரோ ஒரு பெண்ணின் தெருவுக்குக் காரை அனுப்பி வைத்த மனிதருக்கு நான் வாக்கப்பட்டிருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்த அந்த நாளுக்கு ஈடாக எந்தப் பரிசும் இன்றுவரை எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை.