டிபன் பையில் இருந்த சாவி

மூன்று வருடத்துக்கு முன்னால், ஆம்பூருக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கிற எங்கள் ஊர் ரயில் நிலையத்தில் நடந்தது இது. நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறேன். தினமும் காலை பாசஞ்சரில்தான் வேலைக்குப் போவேன்.

எங்கள் நிலையத்தில் பெண்கள் கழிப்பறை என்று ஒன்று உண்டு. ஆனால் அதற்குக் கதவும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. வண்டியோ எந்த நேரத்துக்கு வரும் என்று சொல்ல முடியாது. அதனால் பாஸ் எடுத்துப் போகிற பெண்கள் நாங்கள் காலையில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டோம். எனக்கு இரண்டு தடவை நீர்க்கடுப்பு வந்து காய்ச்சலில் துடித்தேன். எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. மனு எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி, பல மாதம் அலைந்து, கதவும் குழாயும் போட வைத்தேன்.

ஒரே வாரத்தில் யாரோ அதை நாறடித்துவிட்டார்கள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நாங்களே கழுவிக்கொள்கிறோம், எங்களுக்கு மட்டும் இருக்கட்டும் என்று நிலையத்தில் சண்டை போட்டுப் பூட்டு வாங்கி மாட்டினேன். ஒரே சாவி. அது என் டிபன் பையில் இருந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் மிதப்பும் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

ஒருநாள் காலை நான் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் வந்தாள். வேலூர் ஆஸ்பத்திரிக்குத் தன் அம்மாவைக் கூட்டிப் போகிறவள். அந்த அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும், கால் இரண்டும் வீங்கியிருந்தது.

"அக்கா, அம்மா நீர் மாத்திர போட்டிருக்காங்க. கொஞ்சம் தொறந்து உடுங்க" என்றாள்.

என் வண்டி அப்போது தூரத்தில் சிக்னலில்தான் நின்றிருந்தது. திறந்துவிட நேரம் இருந்தது.

"இது பாஸ் வெச்சிருக்கறவங்களுக்கு மட்டும்மா. எல்லாருக்கும் தொறந்தா நாங்கதான கழுவணும்" என்று சொல்லிவிட்டேன்.

அவர்கள் மல்லுக்கு நிற்கவில்லை. நான் வண்டி ஏறி ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, நடைமேடை முடிகிற இடத்தில் மகள் கையைப் பிடித்து அம்மாவைப் புதர்ப் பக்கம் இறக்கிக்கொண்டிருந்தாள். போய்விட்டு வந்துவிடுவார்கள் என்று நினைத்து உட்கார இடம் தேடினேன்.

சாயந்திரம் வந்து இறங்கியபோது டீக்கடைக்காரர்தான் சொன்னார். ஜல்லி சறுக்கி விழுந்து அந்த அம்மாவுக்கு இடுப்பு எலும்பு உடைந்துவிட்டதாம். புடவையெல்லாம் நனைந்திருக்க, ஆண்கள் நாலு பேர் சேர்ந்து தூக்கினார்களாம். வலியில் கத்தாமல் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டே போனாராம். 

ஞாயிற்றுக்கிழமை பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மகள் என்னை அடையாளம் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் மன்னிப்புக் கேட்டு அழுதேன். அந்த அம்மா கட்டிலில் தொங்கிய மூத்திரப் பையைக் காட்டினார்.

"இப்போ இத்த மாட்டி உட்டாங்கம்மா. இனிமே யார்கிட்டயும் சாவி கேக்க வேணாம்" என்றார்.

அவர் குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். படுத்தவர் எழுந்திருக்கவேயில்லை, நாலு மாதத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்த்துவிட்டு வந்த மறுநாளே பூட்டைக் கழற்றிப் போட்டேன். இப்போது உள்தாழ்ப்பாள் மட்டும்தான். சில நாள் குடலைப் பிடுங்குகிற நாற்றம். மறுபடி பூட்டு போடலாமே என்று கூட வருகிறவர்கள் கேட்பார்கள். நான் வாளியை எடுப்பேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். தனக்கு வந்தும் தெரியாமல் போன ஒருத்தி நான் என்பதை ஒவ்வொரு காலையும் அந்தக் கதவு எனக்குச் சொல்கிறது.