பூஜையில் சேர்ந்த சூளை மெஷின்

கம்ப்யூட்டர் ரூமில் வேலை பார்க்கிறவனுக்குக் கம்ப்யூட்டரே தெரியும் என்று ஊர் நினைத்துக்கொள்ளும். அவன் கையில் இருப்பதோ தூசி துடைக்கிற துணி. இதே பொழப்பில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில், இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருஷம் நான் பார்த்தது அந்த வேலைதான். ஆலையின் பேர் வேண்டாம். படிப்பு ஐந்தாம் வகுப்பு. ஏசியைக் கவனிக்க வேண்டும், பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், மெஷின், அதாவது கம்ப்யூட்டர், ஒரு ரூமிலிருந்து இன்னொரு ரூமுக்கு மாறினால் தூக்கிக்கொண்டு போய் வைக்க வேண்டும். ஊர் தா.பழூர் பக்கம் என்பதால் முதல் பஸ்ஸைப் பிடித்தால்தான் சரிப்படும்.

மேலே நிற்கிறவர்

எங்கள் இன்ஜினியர் ஷமீமா மேடம் லெப்பைக்குடிக்காட்டுப் பெண். அத்தா துபாயில் இருந்தார். ஒவ்வொரு ரூமாக ஓடிச் செய்த வேலையை உட்கார்ந்த இடத்திலிருந்தே செய்ய அவர் ஒரு புரோகிராம் எழுதினார். அதற்கென்று ஒரு பைல். ஆபீஸ், ஸ்டோர், எடைமேடை, சூளை என்று தலைப்புகள். ஒவ்வொரு தலைப்புக்குக் கீழேயும் அந்த இடத்து மெஷின்களின் பேர், வரிக்கு ஒன்றாக. புரோகிராம் அதை மேலிருந்து கீழே வாசித்து, எது எந்த இடம் என்று வைத்துக்கொள்ளும். "டைம் ஆபீஸ்ல டிபார்ட்மெண்ட் டிபார்ட்மெண்டா பேர் கூப்பிடுவாங்களே, அது மாதிரிங்களா?" என்று கேட்டேன். "அதேதாண்ணே" என்றார். ஆபீஸை நிறுத்து என்றால் ஆபீஸ் மெஷின் அத்தனையும் நிற்கும்.

சூளைத் தலைப்புக்கு மட்டும் நிறுத்தக் கூடாது என்று ஒரு குறிப்புப் போட்டிருந்தார். காரணம் இருந்தது. சூளையை ஒட்டி உயரமாக ஒரு கோபுரம். மாவாக அரைத்த சுண்ணாம்புக்கல் அதில் நெருப்பாய்க் காய்ந்துகொண்டே இறங்கும். நடுவில் அடைத்துக்கொண்டால் சவரிமுத்து ஏறிப்போய், பக்கத்தில் இருக்கும் சின்னக் கதவைத் திறந்து நீளக் கம்பியால் குத்திவிடுவார். ஏலாக்குறிச்சிக்காரர். உள்ளே அழுத்தம் ஏறுகிறதா என்று அவருக்குத் தெரியாது. கீழே கன்ட்ரோல் ரூமில் கதிரேசன் சூளை மெஷினின் திரையைப் பார்த்து வாக்கி டாக்கியில் சொன்னால்தான் உண்டு. திரை போய்விட்டால் சவரிமுத்து கண்ணைக் கட்டிக்கொண்டு நெருப்பின் முன்னால் நிற்கிற மாதிரி. புது புரோகிராம் வருகிறது என்று கேள்விப்பட்டு, எங்கள் ரூம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றார்.

"என்னமோ பண்ணிக்குங்க தாயி. அந்த ஒரு டப்பாவை மட்டும் அணைச்சுடாதீங்க. மேல நான் நிக்கிறேன்."

எடைமேடையில் சாப்பாட்டு நேரம்

எடைமேடை மெஷின் ஒருநாள் படுத்துவிட்டது. ஆபீஸில் சும்மா கிடந்த ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே வைத்தேன். நன்றாகத்தான் ஓடியது. மதியம் ஆனதும் தானாக அணைந்துவிட்டது. லாரிகள் கேட்டைத் தாண்டி ரோடு வரைக்கும் நின்றன.

விஷயம் இதுதான். சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் மெஷின்களை நிறுத்திக் கணக்கையெல்லாம் நகல் எடுப்பது வழக்கம். மெஷின் இடம் மாறிவிட்டது, பைலில் அதன் வரி ஆபீஸுக்குக் கீழேயே இருந்தது. மேடம் வரியை எடைமேடைக்குக் கீழே மாற்றிப் போட்டதும் சரியாகிவிட்டது. நான் போய் டிரைவர்களிடம் விவரம் சொன்னேன். பெரம்பலூர் டிரைவர் ஒருத்தர் ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டே சொன்னார்:

"ஆபீஸ்லேர்ந்து வந்த மெஷினாச்சே, சாப்பாட்டு நேரம் தெரிஞ்சு வச்சிருக்கு. எங்க வயித்துக்குத்தான் யாரும் புரோகிராம் போடல."

எங்களுக்கும் ஒரு பொட்டு

ஆயுத பூஜைக்கு ஆபீஸ், ஸ்டோர் மெஷின்களை நிறுத்தி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைப்போம். ரூம் ரூமாகப் போய் அணைப்பது என் வேலையாக இருந்தது. அந்த வருஷம் மேடம் பைலின் அடியில் 'பூஜை' என்று புதிதாக ஒரு தலைப்புப் போட்டு, அன்றைக்கு நிற்க வேண்டிய மெஷின்களின் பேரை அதற்குக் கீழே எழுதினார்.

இது கதிரேசன் காதுக்குப் போய், நேரிலேயே வந்துவிட்டார். சூளை மெஷினையும் பூஜையில் சேர்க்க வேண்டுமாம். அவர் கேட்டது பொட்டு மட்டும்தான்; ஆனால் எந்த மெஷினுக்குப் பொட்டு என்பதற்கும் அந்தப் பட்டியல்தான் கணக்கு. மேடம் யோசித்தார். சூளைத் தலைப்பின் கீழ் நிறுத்தக் கூடாது என்று இருக்கிறதே, அது தடுத்துக்கொள்ளும் என்று நம்பி, பூஜைக்குக் கீழேயும் அந்தப் பேரை எழுதினார். ஒரே பேர் இரண்டு இடத்தில் வந்தால், முன்னதையும் அதன் குறிப்பையும் விட்டுவிட்டு, கடைசியாக வாசித்த இடத்தைத்தான் அந்தப் புரோகிராம் எடுத்துக்கொள்ளும் என்பது அன்றைக்கு யாருக்கும் தெரியாது. கதிரேசனுக்கு ரொம்ப சந்தோஷம்.

"ஓடற மெஷின்னா பொட்டு கெடையாதுங்களா? வருஷம் பூரா முழிச்சிருக்கிறது அதுதானங்க மேடம்."

திரை போன காலை

பூஜை அன்று வாசலில் வாழைமரம், மேசையில் பொரி கடலை. மேடம் புரோகிராமை ஓட்டினார். மெஷின்கள் ஒவ்வொன்றாக அடங்கின. நான் சந்தனக் கிண்ணத்தோடு நிற்கும்போது போன் வந்தது. கதிரேசன். "திரை போயிடுச்சு மேடம். சவரி மேல இருக்காரு."

இரண்டு பேரும் கன்ட்ரோல் ரூமுக்கு ஓடினோம். கதிரேசன் வாக்கி டாக்கியை வாயோடு வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப, "சவரி, குத்தாத. கதவை மூடு. மூடிட்டு எறங்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மேடம் மெஷினைப் போட்டுவிட்டார். அது தன்பாட்டுக்கு நிதானமாக எழுந்துகொண்டிருந்தது. மேடத்தின் உதடு மட்டும் ஓதிக்கொண்டிருந்தது. அப்புறம் கரகரவென்று ஒரு குரல், "மூடுறேன்." உடனே கோபுரத்துக்குள் ஏதோ பொத்தென்று விழுந்து தரை அதிர்ந்தது. அடைப்பு தானாகவே விட்டுவிட்டது.

சவரிமுத்து வலது கையை உடம்பில் படாமல் நீட்டிப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்தார். தாழ் முழுசாக விழுவதற்குள், இடுக்கு வழியாகச் சீறிய தூள் கையை வேக வைத்திருந்தது. கதவு திறந்திருந்தால் அவர் நின்ற இடத்தில் ஒன்றும் மிஞ்சியிருக்காது. மேடம் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஆஸ்பத்திரிக்கு ஜீப்பில் ஏறப்போன சவரிமுத்து நின்று திரும்பிப் பார்த்தார்.

"அழுவாதீங்க தாயி. கையோட போச்சு."

இன்னொரு தடவை

தப்பு தன்னுடையது என்று மேடமே மேனேஜரிடம் சொன்னார். பூஜைத் தலைப்பையே பைலிலிருந்து எடுத்துவிட்டார். அதற்கப்புறம் அந்தப் புரோகிராம் எந்த வேலைக்கும் முன்னால் பைல் முழுவதையும் வாசித்துவிடும். ஒரு பேர் இரண்டு தலைப்பில் இருந்தால் அந்தப் பேரைக் காட்டிவிட்டு, ஒன்றும் செய்யாமல் நின்றுவிடும். அடுத்த பூஜைக்குச் சூளை மெஷினுக்கு, பைலில் எழுதாமலே, நான் பொட்டு வைத்தேன், ஓடும்போதே.

சவரிமுத்துவுக்குப் புண் ஆறியது. விரல் மடங்கவில்லை. கம்பி பிடிக்க முடியாது என்று கேட்டில் உட்காரவைத்தார்கள். ஒருநாள் எங்கள் ரூமுக்கு வந்து, என்ன மாற்றியிருக்கிறீர்கள் என்று கேட்டார். மேடம் பைலின் நகல் ஒன்றில் சூளை மெஷின் பேரை வேண்டுமென்றே இரண்டு இடத்தில் எழுதி ஓட்டிக் காட்டினார். புரோகிராம் பேரைக் காட்டிவிட்டு நின்றது. "இன்னொரு தடவ காட்டுங்க" என்றார். காட்டினார். திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மடங்காத கையால் துண்டைத் தோளில் தள்ளிக்கொண்டார்.

"இனிமே மேல ஏறப்போறது என் தங்கச்சி வூட்டுக்காரரு தாயி. அதான் ரெண்டு தடவ பாத்துக்கிட்டேன்."

அந்த ரூமில் இருந்து நான் கண்டதெல்லாம், சொன்னதைச் சொன்னபடியே செய்கிற ஒன்றை வேலைக்கு வைத்துக்கொண்டால் தூக்கம் போவது சொல்கிறவருக்குத்தான் என்பதே.