பட்டினி கிடக்காதே என்று ஆண்டவர் எனக்குச் சொன்னார்

சகோதர சகோதரிகளே, நான் இனி உபவாசம் இருக்கப்போவதில்லை. கோபப்படுகிறவர்கள் முழுவதையும் கேட்டுவிட்டுக் கோபப்படுங்கள்.

என் பெயர் ரூத். இந்த எஸ்டேட்டில் பிறந்தவள். இப்போது சிரம்பான் பக்கம் அம்பாங்கானில் வீடு, சுங்கை காடுட்டில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. பதினாறு வயதிலிருந்து எனக்குத் தொடை வலி. வந்தால் நாலு நாள் நிற்க முடியாது, பிறகு தானாகப் போய்விடும். கிளினிக்கில் வலி மாத்திரை கொடுத்து அனுப்புவார்கள். அந்த வலி போகவேண்டும் என்றே வருடா வருடம் உபவாசம் இருந்தேன். வலி கூடியதே தவிரக் குறையவில்லை. நம் பெண்கள் ஜெபக்குழுவை நடத்தும் எஸ்தர் அக்கா, "உன் குடும்பத்துல பரம்பரைச் சாபம் இருக்கு. இன்னும் ஒரு நாள் கூட்டி இரு லா" என்றார். கூட்டினேன், மடச்சி.

போன வருடம் உபவாசத்தின் மூன்றாம் நாள் வேலைக்குப் போய் எட்டு மணி நேரம் நின்றேன். திரும்பி வந்தபோது தொழிற்சாலை வேனிலிருந்து இறங்க முடியவில்லை. கால் இரண்டும் கட்டையாகிவிட்டன. வீட்டில் ஒன்றுக்குப் போனால் பால் கலக்காத கோப்பி ஓ நிறத்தில் கறுப்பாக வந்தது. என் கணவர் சார்லஸ் பயந்துவிட்டார்.

"உபவாசம் இன்னும் முடியலங்க" என்றேன்.

"உன் உயிரே முடியப் போகுது, வா!" என்று தூக்கிக் காரில் போட்டார்.

சிரம்பான் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்: தசை கரைந்து இரத்தத்தில் கலக்கிறது, சிறுநீரகம் அடைத்துக்கொள்ளப் போகிறது. டிரிப் ஏற்றினார்கள். படுத்தபடி அழுதேன். என் பிள்ளைகளை நினைத்து அழுதேன். பிறகு எனக்குக் கோபம் வந்தது. "ஆண்டவரே, சுகம் அப்புறம் தாரும். இது என்னவென்று முதலில் சொல்லும். சொல்லாமல் நான் விடமாட்டேன்" என்று அடம்பிடித்தேன்.

மறுநாள் ஒரு மலாய் டாக்டர் அம்மா வந்தார். மற்ற டாக்டர்கள் என்ன வேலை செய்தாய் என்று கேட்டார்கள். இவர் மட்டும் கடைசியாக எப்போது சாப்பிட்டாய் என்று கேட்டார். சொன்னேன். "முந்தி வலி வந்தப்பவும் புவாசாவா?" என்று உபவாசத்தைக் கேட்டார். எண்ணிப் பார்த்தேன். பெரிய வலி எல்லாம் உபவாசத்தில்தான் வந்திருந்தது.

இரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பினார்கள். சில வாரம் கழித்துப் பதில் வந்தது. சாப்பாட்டுச் சர்க்கரை தீர்ந்தால் உடம்பு கொழுப்பை எரிக்க வேண்டும். கொழுப்பை அது எரியும் இடத்துக்குள் விடுவதற்கு ஓர் என்சைம் உண்டு. எனக்கு அது பழுது. செம்பனைப் பழ லாரிகள் எண்ணெய் ஆலை வாசலில் வரிசையாக நிற்கின்றன, கேட் திறக்க ஆளில்லை என்பது போல. சக்தி கிடைக்காத தசை தானே உடைகிறது. அப்பாவிடமிருந்து ஒரு பழுது, அம்மாவிடமிருந்து ஒரு பழுது, இரண்டும் என்னிடம் சேர்ந்திருக்கின்றன. சாபமாம் சாபம்!

கேட்டேன், ஆண்டவர் சொன்னார். அந்த டாக்டரின் வாயால் சொன்னார். இதற்கு மருந்து பெரிதாக ஒன்றுமில்லை. எண்ணெயைக் குறைத்து, நேரத்துக்குச் சோறு சாப்பிட வேண்டும், பட்டினியே கூடாது. இந்த ஒரு வருடத்தில் அந்த வலி ஒரு தடவைகூட வரவில்லை. ஆண்டவருக்குக் கோடி ஸ்தோத்திரம்.

உங்களில் யாருக்காவது புரியாத வியாதி இருந்தால் ஆண்டவரைத் துணிந்து கேளுங்கள். டாக்டரையும் கேளுங்கள். விசுவாசம் போதாது என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்புங்கள், நான் பேசிக்கொள்கிறேன். எஸ்தர் அக்கா இன்னும் என்னோடு பேசுவதில்லை. அவருக்காகவும் தினமும் ஜெபிக்கிறேன், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு.