கொசு அண்ணனின் பித்தளைப் பூட்டு

எங்கள் ரத்தப் பரிசோதனை நிலையத்திலிருந்து வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருகிறவருக்குக் கொசு அண்ணன் என்று பெயர். நோயாளிகள் வைத்த பெயர். குத்தியதே தெரியாதாம். அவரும் கோபித்துக்கொள்வதில்லை. "கொசு வந்திருக்கேன், கதவைத் திறங்கம்மா" என்றுதான் குரல் கொடுப்பார். அப்பேர்ப்பட்ட மனிதரைத் துக்கினியூண்டு பூட்டு ஒன்று அழ வைத்துவிட்டது. வரவேற்பு மேசையில் உட்கார்ந்து போன் எடுக்கிற எனக்கு, இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

அண்ணனின் மோட்டார் சைக்கிளில், பின் இருக்கையின் குறுக்கே போட்டு இரண்டு பக்கமும் தொங்குகிற பை ஒன்று இருந்தது. ஒரு பக்கம் ஐஸ் டப்பாவில் ரத்தக் குழாய்கள். மறுபக்கம் ஊசி, பஞ்சு, மழைக்கோட்டு, தண்ணீர் பாட்டில். வீட்டுக்கு வீடு வாரை அவிழ்த்து, அதைத் தூக்கிக்கொண்டு மாடி ஏற முடியாது. முழங்கால் வேறு மக்கர் பண்ணும். தேவையானதை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு ஏறுவார். இறங்கி வந்தால் ஏதாவது ஒன்று காணாமல் போயிருக்கும். மழைக்கோட்டு போனது. தண்ணீர் பாட்டில் போனது. கையுறைப் பெட்டிகூடப் போனது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்தானோ புண்ணியவான்! ஆனால் ரத்தத்தை மட்டும் ஒருவனும் தொட்டதில்லை. டப்பாவைத் திறந்து பார்த்தவன் பயந்துபோய் மூடிவிட்டு ஓடியிருப்பான்.

"சார், வண்டியோட சேர்த்து போல்ட்டு முடுக்குற மாதிரி ஒரு இரும்புப் பெட்டி வாங்கிக் குடுங்க" என்று கேட்டுக் கேட்டு அண்ணனுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். ஒரு நாள் மேனேஜர், கட்டைவிரல் அளவு பித்தளைப் பூட்டு ஒன்றை மேசைமேல் வைத்தார். ஏதோ கஜானாவையே தூக்கிக் கொடுக்கிற தோரணை.

"ரெண்டு பக்க ஜிப்பையும் மேல இழுத்து ஒண்ணா சேர்த்துப் பூட்டிடு. தீர்ந்துது பிரச்சனை."

"துணிப் பையில போய்ப் பூட்டு தொங்குனா, உள்ள நகை இருக்குன்னுல்ல சார் நெனப்பான்?" என்றேன் நான்.

"நீ போனை எடும்மா" என்றார்.

எடுத்தேன். வேறென்ன செய்ய?

அந்த வாரமே அது நடந்தது. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்ளும் தையல்காரம்மா ஒருவர் எங்களுக்கு வாடிக்கை. மறுநாள் அவருக்கு மருந்து ஏற்ற வேண்டும். ரத்த அறிக்கை மாலைக்குள் மருத்துவமனைக்குப் போய்ச் சேராவிட்டால், அவருடைய இடம் வேறொருவருக்குப் போய்விடும். மருந்து ஏற்றி ஏற்றி அவர் நரம்பெல்லாம் உள்ளே ஒளிந்துகொண்டிருந்தன. கொசு அண்ணனைத் தவிர யாரையும் கையைத் தொட விடமாட்டார். அன்றைக்கு அண்ணனுக்கே நரம்பு அகப்படவில்லை. இரண்டு கையிலும் குத்தி, கடைசியில் புறங்கையில் எடுத்தார்.

"முடிஞ்சுதுல்ல தம்பி? இதுக்கு மேல தாங்காது" என்று அந்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாராம்.

"முடிஞ்சுதுக்கா. இன்னைக்கு இனிமே ஊசியே கிடையாது" என்று வாக்குக் கொடுத்துவிட்டு இறங்கி, குழாயை ஐஸ் டப்பாவில் வைத்து, மறக்காமல் பூட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அங்கே மாடியிலிருந்து இறங்கி வந்தால், வண்டியில் வார் மட்டும் தொங்குகிறது. பிளேடால் அறுத்துப் பையோடு கொண்டுபோய்விட்டான்.

அண்ணன் பேயறைந்தவர்போல வந்து நின்றார். மேனேஜர் கேட்ட முதல் கேள்வி, "பூட்டுனியா இல்லையா?"

"பூட்டுனேன் சார்." சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக் காட்டினார்.

"பூட்டுனா அப்புறம் எப்படிய்யா போகும்?"

எனக்குத் தலையை எங்கே முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

மற்ற வீட்டுக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே மறுபடி கை நீட்டச் சம்மதித்தார்கள். தையல்காரம்மா மட்டும், "என்னால முடியாதும்மா" என்று போனை வைத்துவிட்டார். நான் அண்ணனின் வண்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். மேனேஜர் கூப்பிடக் கூப்பிடத் திரும்பவில்லை.

ஒரே அறை. தையல் மெஷினைப் பழைய துணி போட்டு மூடியிருந்தது. கட்டிலில் படுத்திருந்தவரின் புறங்கையில் காலையில் ஒட்டிய பஞ்சு இன்னும் இருந்தது. அண்ணன் வாசலைத் தாண்டவில்லை.

"வாக்குக் குடுத்தேன்க்கா. காப்பாத்த முடியல. நல்லாத் திட்டுங்க" என்றார். சொல்லும்போதே அழுதுவிட்டார்.

"உங்களைத் திட்டி என்ன ஆகப்போவுது." அந்தம்மா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை நீட்டினார்.

அண்ணன் உள்ளே வந்து கட்டிலோரம் உட்கார்ந்தார். எப்படியோ எடுத்துவிட்டார். குழாயை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். வண்டியில் வழியெல்லாம் அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்தேன். அறிக்கையும் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்குள் அங்கே பட்டியலை முடித்துவிட்டிருந்தார்கள். மருந்து அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போனது. அதற்குப் பழைய அறிக்கை செல்லாதாம், மறுபடி புதிதாக ரத்தம் எடுக்க வேண்டுமாம். இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்ல?

பை ஒரு குப்பைத் தொட்டிக்குப் பின்னால் கிடைத்தது. அடிப்பக்கத்தை நீளமாகக் கிழித்திருந்தான். குழாய்களெல்லாம் உடைந்து கிடந்தன. பூட்டுக்கு மட்டும் ஒரு கீறல் இல்லை. மேனேஜர் அதைத் துடைத்து, புதிதாக வாங்கிய பையில் தன் கையாலேயே மாட்டினார்.

"நல்ல பூட்டுய்யா. ஒண்ணுமே ஆகலை பாரு."

அடுத்த வாரம் நானும் கூடப் போனேன். முழங்கால் நோக, பையைத் தோளில் சுமந்துகொண்டு மாடி ஏறிய அண்ணன், அதைக் கட்டிலோரம் இறக்கிவைத்தார். பூட்டுக் கதையை நான் போனிலேயே சொல்லியிருந்தேன். தையல்காரம்மா பூட்டையே பார்த்தார்.

"இதுதானா அது?"

"அதேதான்க்கா."

"கழட்டுங்க. கழட்டுனாத்தான் கை குடுப்பேன்."

அண்ணன் என்னைப் பார்த்தார். "கழட்டுங்கண்ணா" என்றேன். அந்தம்மா பூட்டை வாங்கி, தையல் மெஷின் டிராயரில் நூல்கண்டுகளோடு போட்டு மூடினார். பிறகு கையை நீட்டினார். இந்தத் தடவை முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"நேராக் கொண்டுபோய்ச் சேருங்க தம்பி. வழியில எங்கயும் நிக்காதீங்க."

நிற்கவில்லை. அடுத்த வீட்டுக்காரர்கள் காத்திருந்தார்கள். காத்திருக்கட்டும் என்று நேராக வண்டியை விட்டார். பை என் மடியில் இருந்தது. மேனேஜர் விடாமல் போன் அடித்துக்கொண்டே இருந்தார். நான் எடுக்கவில்லை.